ஆகாயத்தில் தொகுதிப் பங்கீடு

1944 நவம்பர். ஹிட்லர் இன்னும் உயிரோடு இருந்தார். ஜப்பான் இன்னும் சரணடையவில்லை. ஐரோப்பாவில் ஒரு துண்டு வெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். இந்த நல்ல நேரத்தில் 52 நாடுகளின் பிரதிநிதிகள் சிகாகோவில் ஸ்டீவன்ஸ் ஹோட்டலில் ரூம் போட்டு, ஐந்து வாரத்துக்கு மேல் உட்கார்ந்து, ஒரே கேள்விக்காக மல்லுக்கட்டினார்கள். போர் முடிந்த பிறகு யார் வானத்தில் யார் பறப்பது?

அமெரிக்கத் தரப்புக்குத் தலைவர் அடால்ஃப் பெர்லே. வானம் பொது, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பறக்கட்டும் என்பது அவர் கட்சி. கேட்க எவ்வளவு பெருந்தன்மை! நீண்டதூரம் போகிற பெரிய விமானங்களில் பெரும்பகுதி அப்போது அமெரிக்காவிடம்தான் இருந்தது என்ற சின்ன விவரத்தை மட்டும் அவர் அழுத்திச் சொல்லவில்லை. பிரிட்டன் சார்பில் வந்த ஸ்வின்டன் பிரபு அதை மறக்கவில்லை. அவரிடம் சொல்லிக்கொள்ளும்படி விமானம் இல்லை. ஆனால் அந்த விமானங்கள் வழியில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொள்ள வேண்டிய ஊர்கள் சாம்ராஜ்யம் என்ற பெயரில் உலகம் முழுக்கக் கிடந்தன. வானம் பொது என்று இன்று ஒப்புக்கொண்டால் நாளைக்குத் தரையும் பொது என்பான் இந்த அமெரிக்கன் என்று அவருக்குக் கவலை. சோவியத் பிரதிநிதிகளோ பாதி வழி வந்துவிட்டு, ஸ்பெயினும் போர்ச்சுகலும் சுவிட்சர்லாந்தும் வருகிறார்களாமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசியில் முடிவானது இவ்வளவுதான்: அவரவர் தலைக்கு மேலுள்ள வானம் அவரவருக்குச் சொந்தம். பயணிகளை ஏற்றி இறக்கிக் காசு பார்க்கும் விஷயத்தை இரண்டிரண்டு நாடாகத் தனியே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் 1946 பிப்ரவரியில் பேசி முடித்தன. பேச்சுவார்த்தைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் பெர்முடா தீவு. பிப்ரவரியில் லண்டன் எப்படி இருக்கும், பெர்முடா எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ராஜதந்திரம் உடனே விளங்கும்.

இப்படி நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்களில் சத்தமில்லாமல் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டது. ஒரு நாட்டின் பெயரில் பறக்கிற கம்பெனி அந்த நாட்டுக்காரர்கள் கையில்தான் இருக்க வேண்டும். அமெரிக்க விமானக் கம்பெனியில் வெளிநாட்டானுக்கு ஓட்டுரிமை 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் வெளியாளுக்குப் பாதிக்குக் கீழேதான். சோப்புக் கம்பெனி சோப்புக் கம்பெனியை வாங்கலாம், கார் கம்பெனி கார் கம்பெனியை விழுங்கலாம், ஜெர்மன் ஏர்லைன்ஸ் மட்டும் அமெரிக்க ஏர்லைன்ஸை வாங்க முடியாது. இன்று விமானத்தின் மூக்கருகே பார்க்கிற அந்த நட்சத்திரச் சின்னமும் வட்டச் சின்னமும், லவுஞ்சில் ஓசியில் கிடைக்கிற உப்புமாவும், எல்லாமே இந்த ஒரு தடையின் பேரப்பிள்ளைகள். இணைய விடாததால் விமானக் கம்பெனிகள் கூட்டணி வைத்தன. தமிழ்நாட்டில் தேர்தல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் சிகாகோவிலிருந்து நேரே லவுஞ்சுக்குப் போய்விட்டால் சாண்ட்விச் யுத்தத்தைத் தவறவிட்டுவிடுவோம்.

1945 ஏப்ரலில் ஹவானாவில் விமானக் கம்பெனிகள் சேர்ந்து ஐயாட்டா என்று ஒரு சங்கம் வைத்தன. எந்த ஊருக்கு எவ்வளவு கட்டணம் என்று சங்கம் கூடித் தீர்மானிக்கும்; அரசாங்கங்கள் தலையாட்டும். கட்டணத்தில் போட்டி கிடையாது என்றாகிவிட்டதால், போட்டி போடத் துடித்தவர்கள் சாப்பாட்டில் இறங்கினார்கள். உடனே சங்கம் சாப்பாட்டுக்கும் விதி போட்டது. 1958-இல் அட்லாண்டிக்கைத் தாண்டப் புதிதாக எகானமி வகுப்பு வந்தபோது, அதில் உட்கார்ந்தவனுக்குச் சாண்ட்விச் மட்டும்தான், அதுவும் ஆறிப்போனதாக, எளிமையாக, மலிவாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஏழைக்குச் சூடான சோறு போட்டால் முதல் வகுப்புக்காரன் என்ன நினைப்பான்?

இங்கேதான் நம் கதாநாயகன் நுழைகிறான். பெயர் எஸ்.ஏ.எஸ்., அதாவது ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ். டென்மார்க், நார்வே, சுவீடன் என்று மூன்று நாடுகளும் மூன்று ராஜாக்களும் சேர்ந்து 1946-இல் ஆரம்பித்த கம்பெனி. பங்கு ஏழாகப் பிரிந்தது: டென்மார்க்குக்கு இரண்டு, நார்வேக்கு இரண்டு, சுவீடனுக்கு மூன்று. பிறக்கும்போதே கூட்டணி. பிற்காலத்தில் இவன் காட்டப்போகிற வித்தைகளுக்கு இந்த ஜாதகமே காரணமாக இருக்கலாம்.

டென்மார்க்காரர்களுக்குச் சாண்ட்விச் என்றால் மேலே மூடி கிடையாது. ஒரு ரொட்டித் துண்டு, அதன் மேல் இறைச்சி, மீன், முட்டை, காய் என்று மாடி மாடியாக ஒரு அடுக்கு. ரொட்டி இருக்கிறதா என்பதையே தேடித்தான் பார்க்க வேண்டும். எஸ்.ஏ.எஸ். அதை எகானமியில் பரிமாறியது. விதிப்படி சாண்ட்விச்தானே? பான் ஆம் கம்பெனி கொதித்துப்போய்ச் சங்கத்தில் புகார் கொடுத்தது. உலகின் பெரிய பெரிய விமானக் கம்பெனிகளின் கனவான்கள் கூடி, சாண்ட்விச் என்பது யாது என்று விவாதித்தார்கள். எஸ்.ஏ.எஸ்-ஸுக்கு அபராதம் விழுந்தது. அந்த விவகாரம் பத்திரிகைகளில் பெற்றுக்கொடுத்த இலவச விளம்பரத்துக்கு முன்னால் அபராதம் எந்த மூலைக்கு! பான் ஆம் 1991-இல் செத்துப்போனது. அந்தத் திறந்த சாண்ட்விச் இன்னும் சௌக்கியமாக இருக்கிறது.

அந்தக் காலத்திலும் கூட்டு உண்டு. 1960-களில் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி., ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ், நம் ஏர் இந்தியா மூன்றும் ஒரே உண்டியலில் வருமானத்தைப் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டன. ஜம்போ ஜெட் வந்தபோது கே.எல்.எம்., எஸ்.ஏ.எஸ்., சுவிஸ்ஏர், பிரான்சின் யூ.டி.ஏ. ஆகியவை சேர்ந்து, நீ எஞ்சினைப் பார், நான் உடம்பைப் பார்க்கிறேன் என்று பராமரிப்பைப் பகிர்ந்துகொண்டன. பயணிக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரியும்படி செய்யவேண்டிய அவசியமும் அப்போது யாருக்கும் இல்லை.

அவசியம் 1978-இல் வந்தது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட, உள்நாட்டில் யார் எங்கே பறப்பது, எவ்வளவு வாங்குவது என்பதில் அரசாங்கத்தின் பிடி தளர்ந்தது. திடீரென்று கட்டணப் போட்டி. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ராபர்ட் கிராண்டல் என்றொரு ஆசாமி இருந்தார். சாலட்டில் ஒரே ஒரு ஆலிவ் காயை எடுத்துவிட்டால் வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டவர்கள் அவருடைய கம்பெனிக்காரர்கள். அவர்கள் 1981 மே 1-ஆம் தேதி, பறந்த மைலுக்குப் புள்ளி தருகிறோம், சேர்த்துவைத்தால் ஓசி டிக்கெட் என்று அறிவித்தார்கள். யுனைடெட் ஒரு வாரம்கூடப் பொறுக்காமல் தானும் அதையே அறிவித்தது. ஆலிவைப் பிடுங்கும் கை மைலைக் கொடுத்த அந்த ஆண்டிலிருந்து பயணிக்கு ஒரு புதிய வியாதி தொற்றியது. பக்கத்து ஊருக்கு நேரடி விமானம் இருந்தாலும், மைல் கிடைக்கும் என்பதற்காக எதிர்த்திசையில் போய்ச் சுற்றி வருவான். அதற்கு அவன் வைத்த பெயர் விசுவாசம்.

இன்னொரு சங்கதி டிராவல் ஏஜென்ட் மேஜையில் நடந்தது. கம்ப்யூட்டரில் முன்பதிவு வந்துவிட்டது. அமெரிக்கனுடையது சேபர், யுனைடெட்டுடையது அப்போலோ. ஏஜென்ட் ஒரு ஊரைத் தட்டினால் விமானங்களின் பட்டியல் திரையில் விழும். முதல் திரையில் வருவதைத்தான் அவர் பெரும்பாலும் விற்பார்; இரண்டாம் திரைக்குப் போக அவருக்கென்ன தலையெழுத்தா? நடுவில் மாறிப்போகும் பயணங்களில், இரண்டு விமானமும் ஒரே கம்பெனியாக இருந்தால் அது மேலே வரும். வேறுவேறு கம்பெனியாக இருந்தால் கீழே போகும். மூளை உள்ளவர்கள் யோசித்தார்கள். பக்கத்துக் கம்பெனி விமானத்துக்கு நம் எண்ணையும் ஒட்டிவிட்டால்? விமானம் அவனுடையது, பைலட் அவனுடைய ஆள், திரையில் மட்டும் நம் பெயர். கோட்ஷேர் பிறந்தது இப்படி. ஜெர்மன் கம்பெனி டிக்கெட் வாங்கி, அமெரிக்க விமானத்தில் ஏறி, ஒரு சாக்லேட்டுக்குப் பதில் உப்புக்கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த லட்சக்கணக்கானவர்களின் குழப்பத்துக்கு மூலகாரணம், ஒரு பட்டியலில் மேலே வரவேண்டும் என்ற ஆசை.

எண்ணை ஒட்டுவது சரி, உட்கார்ந்து விலையும் சேர்ந்தே வைத்தால் என்ன? அமெரிக்கச் சட்டப்படி போட்டிக் கம்பெனிகள் கூடி விலை பேசினால் குற்றம். அதற்கு விதிவிலக்கு வேண்டும். விதிவிலக்கு வேண்டுமானால் உன் நாட்டு வானத்தை எங்களுக்குத் திறந்துவிடு என்றது அமெரிக்க அரசு. பிரான்சும் பிரிட்டனும் கௌரவம் பார்த்துக்கொண்டிருந்தபோது நெதர்லாந்து முந்திக்கொண்டது. அவர்கள் நாட்டின் மேல் பறந்து முடிக்கவே அதிக நேரம் ஆகாது. அந்த வானத்தைப் பொத்திவைத்து என்ன செய்ய? 1992-இல் திறந்துவிட்டார்கள். 1993 ஜனவரியில் கே.எல்.எம்-முக்கும் அமெரிக்காவின் நார்த்வெஸ்டுக்கும் விதிவிலக்கு கிடைத்தது. இனி இருவரும் கூடிப் பேசி விலை வைக்கலாம், கால அட்டவணை போடலாம், யார் விமானத்தில் பயணி ஏறினாலும் காசைப் பிரித்துக்கொள்ளலாம்.

அதிகாரபூர்வ வரலாறு இந்த இடத்தில் முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கே.எல்.எம். 1989-லேயே நார்த்வெஸ்டில் பணம் போட்டு ஒரு பங்கு வாங்கியிருந்தது. டச்சுக்காரர்கள் மெல்ல மெல்லக் கம்பெனியையே பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று நார்த்வெஸ்டின் முதலாளிகள் செக்கிக்கும் வில்சனுக்கும் சந்தேகம். 1995-இல் வெளியாள் கூடுதல் பங்கு வாங்க முடியாதபடி பொறி வைத்தார்கள். கே.எல்.எம். கோர்ட்டுக்குப் போனது. மேலே விமானங்கள் ஒரே அட்டவணையில் பறந்துகொண்டிருக்க, கீழே முதலாளிகள் வக்கீல் மூலமாக மட்டும் பேசிக்கொண்டார்கள். 1997-இல் ஒரு வழியாக, பங்குகளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று கே.எல்.எம். ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் கூட்டைப் பல ஆண்டுகளுக்கு நீட்டித்துக்கொண்டது. பிடிக்காதவனோடு சேர்ந்து எப்படிக் காசு பண்ணுவது என்பதற்கு இந்தத் தொழிலில் கிடைத்த முதல் உருப்படியான பாடம் அது.

இதற்கு நடுவே 1993-இல் ஐரோப்பாவில் அல்காசார் என்று ஒரு திட்டம். கே.எல்.எம்., சுவிஸ்ஏர், ஆஸ்திரியன், அப்புறம் நம் எஸ்.ஏ.எஸ்., நான்கும் சேர்ந்து ஒரே கம்பெனி ஆகிவிடுவது. மாதக்கணக்கில் பேசினார்கள். பங்கு எவ்வளவு, தலைமையகம் எங்கே, எல்லாம் பேசினார்கள். கடைசியில் நவம்பரில் படகு கவிழ்ந்தது எதில் என்றால், அமெரிக்காவில் யாரோடு கூட்டு என்பதில். கே.எல்.எம்-முக்கு நார்த்வெஸ்ட்தான் வேண்டும், அதே நார்த்வெஸ்ட், இரண்டே ஆண்டில் கோர்ட்டில் சந்திக்கப்போகிற நார்த்வெஸ்ட். சுவிஸ்ஏருக்கு டெல்டாதான் வேண்டும், 1999-இல் அவர்களைக் கழற்றிவிட்டு ஏர் பிரான்ஸ் பக்கம் போகப்போகிற டெல்டா. இப்பேர்ப்பட்ட உத்தமர்களுக்காக நான்கு கம்பெனிகள் சண்டை போட்டுப் பிரிந்தன.

பிரிந்தவர்களில் எஸ்.ஏ.எஸ். சும்மா இருக்கவில்லை. 1997 மே 14-ஆம் தேதி ஃபிராங்க்பர்ட்டில் ஐந்து கம்பெனிகள் மேடையேறி ஸ்டார் அலையன்ஸ் என்று அறிவித்தன. லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, தாய் ஏர்வேஸ், எஸ்.ஏ.எஸ். ஐந்து பேர், ஐந்து முனை நட்சத்திரம். தாய் ஏர்வேஸ் அந்தப் பட்டியலில் இருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்; 1960-இல் தாய் சர்வதேச விமானச் சேவை தொடங்கியதே எஸ்.ஏ.எஸ்-ஸின் 30 சதவீதப் பங்கோடுதான். நம் ஆள் கால் வைக்காத வீடு கிடையாது.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் அப்போது வேறொரு கூத்தில் இருந்தது. அமெரிக்காவில் யு.எஸ்.ஏர் கம்பெனியில் காசு போட்டுக் கூட்டாளியாக இருந்துகொண்டே, 1996-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு கைகோக்கப் போகிறேன் என்று அறிவித்தது. யு.எஸ்.ஏர் வழக்குப் போட்டது. ஹீத்ரோவில் பாதி இடத்தை வைத்திருக்கிற இருவர் சேர்ந்தால் மற்றவர்கள் கதி என்ன என்று ரிச்சர்ட் பிரான்சன் தம் வர்ஜின் விமானங்களின் உடம்பிலேயே பி.ஏ., ஏ.ஏ. கூட்டு வேண்டவே வேண்டாம் என்று எழுதிப் பறக்கவிட்டார். அரசாங்க அனுமதி உடனே கிடைக்காததால், 1999 பிப்ரவரி 1-இல் கேத்தே பசிபிக், குவாண்டாஸ், கனடியன் ஏர்லைன்ஸ் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டு ஒன்வேர்ல்டு என்று கடையைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே கனடியனை ஏர் கனடா வாங்கிவிட்டது. அதாவது எதிர்க்கூட்டணிக்காரன் இந்தக் கூட்டணியின் ஒரு கட்சியையே விலைக்கு வாங்கிவிட்டான். பி.ஏ., ஏ.ஏ. இருவரும் விலை பேசிக்கொள்ள அனுமதி வந்தது 2010-இல். பதினான்கு வருஷம்! இராமர்கூட அதற்குள் காட்டிலிருந்து திரும்பிவிட்டார்.

டெல்டா, ஏர் பிரான்ஸ், ஏரோமெக்சிகோ, கொரியன் ஏர் நான்கும் 2000 ஜூனில் ஸ்கைடீம் ஆயின. மூன்று அணிகள். ஆட்டம் களைகட்டியது.

சரி, பயணிக்கு என்ன கிடைத்தது? கிடைக்காமல் இல்லை. சென்னையில் லுஃப்தான்சாவில் ஏறி, ஃபிராங்க்பர்ட்டில் இறங்கி, யுனைடெட்டில் டென்வர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீனம்பாக்கத்திலேயே இரண்டு போர்டிங் பாஸும் கையில் வரும். ஊறுகாய் பாட்டிலோடு உள்ள பெட்டி நீங்கள் தொடாமலே டென்வர் போய்ச் சேரும். சென்னை விமானம் தாமதமாகி டென்வர் விமானம் போய்விட்டால், அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இந்த மூன்றும் பெரிய விஷயம்தான். ஆனால் விளம்பரத்தில் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: இவற்றுக்குக் கூட்டணியே தேவையில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்து, இரு கம்பெனிகளுக்கும் இன்டர்லைன் ஒப்பந்தம் இருந்தால் போதும். ஒருவர் விற்ற டிக்கெட்டில் இன்னொருவர் பறந்த பங்கைக் கணக்குத் தீர்க்க ஐயாட்டா 1947 முதலே ஒரு கிளியரிங் ஹவுஸ் நடத்திவருகிறது. மறுபக்கம், காசு மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினீர்களானால், இரண்டுமே ஸ்டார் அலையன்ஸாக இருந்தாலும், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாமவன் தலைவணங்கிக் காத்திருக்கச் சட்டப்படி கட்டாயம் இல்லை. நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், டிக்கெட் எண்ணைப் பாருங்கள்.

கூட்டணி கூடுதலாகத் தருவது வேறு. ஏர் இந்தியா கணக்கில் மைல் சேர்த்துச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் செலவழிக்கலாம். அடிக்கடி பறந்து தங்க அட்டை வாங்கிவிட்டால், எகானமி டிக்கெட்டோடு மற்ற உறுப்பினர்களின் லவுஞ்சிலும் போய் உட்காரலாம், பெட்டி ஒன்று கூடுதலாகக் கொண்டுபோகலாம், வரிசையில் முன்னால் நிற்கலாம். ஹீத்ரோவின் இரண்டாம் டெர்மினல் போல, ஒரே அணிக்காரர்கள் ஒரே கூரைக்கடியில் இருப்பதால் பஸ் பிடித்து அலைய வேண்டாம். உலகத்தைச் சுற்றிவர ஒரே டிக்கெட்டும் விற்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி அமெரிக்காவில் இருக்கிறது. யுனைடெட்டின் சொந்தத் திட்டத்தில் தங்க அட்டை வைத்திருக்கும் அமெரிக்கன், உள்நாட்டுப் பயணத்தில் யுனைடெட்டின் லவுஞ்சுக்குள் அந்த அட்டையைக் காட்டிப் போக முடியாது. அதே தங்க அட்டையை வேறு நாட்டுக் கம்பெனியில் வாங்கியவன், அதே விமானத்துக்குக் காத்திருக்கும்போது, ராஜநடை போட்டு உள்ளே போகலாம். சொந்தக் கட்சித் தொண்டன் வெயிலில். கூட்டணிக் கட்சிக்காரனுக்கு மேடையில் நாற்காலி. இதைக் கண்டுபிடித்த அமெரிக்கர்கள் பலர், வாழ்நாளில் கால் வைக்காத நாடுகளின் விமானக் கம்பெனிகளில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார்கள்.

டிக்கெட் விலை குறைந்ததா என்றால், அது எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னை–டென்வர் போல மாறிப்போகும் பயணங்களில், முன்பு இரண்டு கம்பெனியும் தத்தம் பகுதிக்குத் தனித்தனியே லாபம் வைத்து விலை சொல்லின. சேர்ந்து விலை வைத்தால் லாபம் ஒருமுறைதான் ஏறும், விலை இறங்கும். ஆனால் இருவருமே முன்பு போட்டி போட்டுப் பறந்த நேர்வழியில் இனி யாரோடு போட்டி? அதனால்தான் 1996-இல் லுஃப்தான்சா, யுனைடெட் இருவருக்கும் விதிவிலக்குக் கொடுத்த அமெரிக்க அரசு, சிகாகோ–ஃபிராங்க்பர்ட், வாஷிங்டன்–ஃபிராங்க்பர்ட் வழிகளை மட்டும் வெளியே எடுத்துவைத்தது. கையைக் குலுக்கிக்கொள்ளுங்கள், இந்த இரண்டு வழியில் மட்டும் கை சட்டைப்பைக்குள் இருக்கட்டும் என்று.

சுவிஸ்ஏர் நினைவிருக்கிறதல்லவா? பணம் அவ்வளவு இருந்ததால் அவர்களைப் பறக்கும் வங்கி என்பார்கள். மற்றவர்கள் அட்டை அச்சடித்துக் கூட்டணி வைத்தபோது, நாங்கள் காசு கொடுத்தே வாங்குகிறோம் என்று கிளம்பினார்கள். மெக்கின்சி ஆலோசகர்கள் சொன்ன திட்டத்துக்குப் பெயர் வேட்டைக்காரன். ஐரோப்பாவில் நொண்டிக்கொண்டிருந்த கம்பெனிகளாகப் பார்த்து வேட்டையாடினார்கள். பெல்ஜியத்தின் சபேனாவில் 49.5 சதவீதம். பிரான்சில் சில, ஜெர்மனியில் ஒன்று, போலந்தில் ஒன்று. சட்டப்படி பாதிக்கு மேல் வாங்க முடியாது, ஆனால் நஷ்டத்தைத் தாங்குவதற்கு அப்படி ஒரு வரம்பும் இல்லை. 2001 அக்டோபர் 2-ஆம் தேதி, ரொக்கம் வைத்தால்தான் எண்ணெய் என்று சொல்லப்பட்ட நிலையில், வங்கி தரையிறங்கியது. அடுத்த மாதம் சபேனா. பத்தாண்டு கழித்து அபுதாபியின் எத்திஹாத் இதே வேட்டைக்காரன் வேஷத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏர் பெர்லின், அலிட்டாலியா, நம் ஜெட் ஏர்வேஸ் என்று பங்கு வாங்கியது. ஏர் பெர்லின் 2017-இல் நின்றது, ஜெட் 2019-இல், அலிட்டாலியா 2021-இல்.

இந்தியர்களின் கூட்டணிப் பிரவேசம் தனிக் காவியம். ஏர் இந்தியாவுக்கு ஸ்டார் அலையன்ஸ் 2007 டிசம்பரில் அழைப்பு விடுத்தது. 2011-இல், நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று அழைப்பை நிறுத்திவைத்தது. 2014 ஜூலையில் சேர்த்துக்கொண்டது. ஒரு கம்பெனி சேர வழக்கமாக ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும். நம்மவர்கள் ஆறரை ஆண்டு எடுத்து நிதானமாகச் சேர்ந்தார்கள். விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் 2012 பிப்ரவரி 10-ஆம் தேதி ஒன்வேர்ல்டில் சேர நாள் குறித்திருந்தது. சில நாள் இருக்கும்போது, இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தார்கள். அந்த அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதையே நிறுத்திவிட்டது. இந்த வட்டாரத்தில் ஒன்வேர்ல்டுக்குக் கிடைத்தது ஸ்ரீலங்கன்தான். 2014 மே 1-இல் சேர்ந்தது. கொழும்பு வழியாகப் போகும் நம் ஊர்க்காரர்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அட்டையைக் காட்டி லவுஞ்சுக்குள் போக வழி பிறந்தது அப்படித்தான்.

பயணியிடம் விசுவாசம் கேட்ட கம்பெனிகள் தங்களுக்குள் எப்படி நடந்துகொண்டன என்பதற்கு ஆதாரம் ஏராளம். மெக்சிகானா ஸ்டாரில் இருந்து, விலகி, ஒன்வேர்ல்டில் சேர்ந்து, ஒரு வருஷத்துக்குள் மூடியது. கான்டினென்டல் 2009 அக்டோபர் 24-இல் ஸ்கைடீமை விட்டு 27-இல் ஸ்டாரில் சேர்ந்தது. நடுவிலுள்ள நாட்களில் துக்கம் அனுசரித்ததாக வைத்துக்கொள்ளலாம். யு.எஸ். ஏர்வேஸ் அந்த நாகரிகமும் பார்க்கவில்லை: 2014 மார்ச் 30 இரவு ஸ்டார், 31 காலை ஒன்வேர்ல்டு. பி.ஏ., ஏ.ஏ. கூட்டு வேண்டவே வேண்டாம் என்று விமானத்தில் எழுதிப் பறக்கவிட்ட வர்ஜின், 2023 மார்ச்சில் ஸ்கைடீமில் உறுப்பினர். சுயேச்சையாக நின்று டெபாசிட்டைக் காப்பாற்றிக்கொண்ட பெரிய கட்சிகளில் ஒன்று எமிரேட்ஸ்.

எஸ்.ஏ.எஸ்.? 2022-இல் கடன் முற்றி அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டது. மீட்க வந்தவர்களில் ஒருவர் ஏர் பிரான்ஸ்–கே.எல்.எம்., அதாவது எதிர்க்கூட்டணியின் தூண், 19.9 சதவீதப் பங்கு. ஐந்து முனை நட்சத்திரத்தில் ஒரு முனையாக 27 ஆண்டுகள் இருந்த எஸ்.ஏ.எஸ்., 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி ஸ்டார் அலையன்ஸை விட்டு விலகி, செப்டம்பர் 1-ஆம் தேதி ஸ்கைடீம் ஆனது. ஸ்டாரின் சின்னத்தில் இன்னும் ஐந்து முனைதான். ஒன்றை வெட்டிவிட யாருக்கும் தோன்றவில்லை போலும்.

வந்த வேகத்தில் எஸ்.ஏ.எஸ். ஒரு விசுவாசப் போட்டி வைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்கைடீமின் 15 கம்பெனிகளில் பறந்து காட்டினால் 10 லட்சம் புள்ளி இனாம். வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார்கள் ஸ்காண்டிநேவியர்கள். வியட்நாம், தைவான், கொரியா, கென்யா, மெக்சிகோ என்று ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, ஊரைப் பார்க்காமல், அடுத்த விமானத்தில் ஏறினார்கள். புது அணியின் தங்க அட்டைக்காரர்கள் லவுஞ்சில் ஒருவரை ஒருவர் சந்தித்து, உனக்கு எத்தனை ஆச்சு, எனக்குப் பன்னிரண்டு, சவூதியா எங்கே பிடிப்பது, கருடாவுக்கு எங்கே போவது என்று விசாரித்துக்கொண்டு, தட்டில் இருந்த சாண்ட்விச்சை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்.